கழுத்து இரத்தக்குழாயில் அடைப்பு என்றால் எந்த வைத்திய நிபுணரிடம் போவது?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான். புதுக்குடியிருப்பில் இருக்கும் அப்பாவுக்கு ஒரு கை பத்து நிமிடம் விழுந்துபோய், வாய் குளறி, பிறகு தானாகவே சரியாகிவிட்டது. கழுத்து இரத்தக்குழாயில் அடைப்பாக இருக்கலாம் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இருதய நிபுணரா, நரம்பியல் நிபுணரா, சத்திரசிகிச்சை நிபுணரா, யாரிடம் நம்பர் போடுவது?

அந்தச் "சரியாகிவிட்டது" என்ற சொல்லைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை நம்பி ஒன்பது நாட்களைத் தொலைத்தோம்.

யாரிடமும் நம்பர் போட வேண்டாம் என்பதுதான் என் பதில். கை விழுந்தது இந்த இரண்டு கிழமைக்குள் என்றால், மிச்சத்தை வாசிக்காமல் அப்பாவைக் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த நோயாளர் காவு வண்டிக்குக் காசு இல்லை. அங்கே போய் "கை வலி" என்றோ "மயக்கம்" என்றோ சொல்லாமல், "கை விழுந்தது, வாய் குளறியது, பத்து நிமிடத்தில் திரும்பியது" என்று நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அதைக் கேட்டால் அவர்கள் விடுதியில் மறிப்பார்கள். எந்த நிபுணர் பார்க்க வேண்டும் என்பதை உள்ளே இருப்பவர்கள் தீர்மானிப்பார்கள். இப்படி வந்துபோகும் ஒன்றுக்குப் பிறகு முழுப் பாரிசவாதம் வரும் ஆபத்து முதல் சில நாட்களில்தான் மிக அதிகம். நல்ல நிபுணர் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிற அதே நாட்கள்.

நான் வைத்தியர் இல்லை. முன்பள்ளியில் 26 வருடம் படிப்பித்தவள். எழுதுவதில் பாதி என் கண்ணால் பார்த்தது, மீதி எங்களைப் பார்த்த வைத்தியர்கள் வாயால் சொல்லிக் கேட்டு, பிறகு மகன் வாசித்துச் சரி பார்த்தது. "வைத்தியம் தெரியாதவள் ஏன் எழுதுகிறாய்" என்று கேட்க வருபவர்களுக்கு: தெரிந்தவர்கள் யாரும் இந்தக் கேள்விக்கு இரண்டு நாளாகப் பதில் எழுதவில்லை.

எங்களுக்கு விசுவமடு. 2023 மாசியில், காலபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. என் கணவருக்கு அப்போது 61 வயது. வயல் கரையில் நின்று மூடைகளை எண்ணிக்கொண்டிருந்தவர், வலது கண்ணுக்கு மேலிருந்து கறுப்புச் சேலை இறங்குவதுபோல் இருக்கிறது என்றார். இடது கையால் இடது கண்ணைப் பொத்தினார், எல்லாம் இருட்டு. வலது கண்ணைப் பொத்தினார், எல்லாம் தெளிவு. நெல் சுணை விழுந்திருக்கும் என்று போத்தல் தண்ணீரை ஊற்றிக் கழுவினோம். கழுவி முடிப்பதற்குள் பார்வை வந்துவிட்டது. கழுவியதால் வந்தது என்று நினைத்தோம்.

நான்காம் நாள் காலையில் தேத்தண்ணீர்க் கோப்பை இடது கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் கோப்பையைத் தொட்டார், பிடிக்க முடியவில்லை. விரல்கள் கோப்பையின் மேல் கிடந்தன, மடங்கவில்லை. "என்ன" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு விளங்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும். பிறகு அதே கையால் அந்தக் கோப்பையை எடுத்து அவரே கழுவி வைத்தார். "பார், ஒன்றுமில்லை" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 2009 யுத்தத்தில் இவருக்குக் கழுத்தின் வலப்பக்கம் செல் (எறிகணை) துண்டு ஒன்று ஏறியது. பயறளவு. எடுக்க வசதியில்லாத நேரம், அப்படியே காயம் ஆறிவிட்டது. அதனால் வந்தவர் போனவர் எல்லோருக்கும் காரணம் தயாராக இருந்தது: "துண்டு நரம்பில் முட்டுகிறது." நானும் அதைத்தான் நம்பினேன். வன்னியில் எங்கள் வயதுக்காரர்களின் உடம்பில் எது நடந்தாலும் அந்த வருடத்தின் மேல் போட்டுவிடுகிறோம். தலையிடி, நெஞ்சு நோ, நித்திரையின்மை எல்லாம் செல் துண்டு. இவர் 40 வருடம் புகைத்ததையும், பிரஷர் குளிசையை நினைத்த நேரம் போட்டு நினைத்த நேரம் விட்டதையும் யாரும் நினைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஐயா எண்ணெய் போட்டுக் கழுத்தை உருவிவிடவும் வந்தார். நல்ல மனதோடு வந்தவர், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிறகு வைத்தியசாலையில் இதைச் சொன்னபோது, அடைப்புள்ள கழுத்தை ஒருபோதும் அழுத்தி உருவக் கூடாது என்று கடுமையாக ஏசினார்கள். நாட்டு வைத்தியத்தை இழிவாகப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கால் சுளுக்குக்கு இன்றும் அந்த ஐயாவிடம்தான் போகிறேன்.

கண்தானே மறைந்தது என்று ஆறாம் நாள் நகரத்தில் தனியாகப் பார்க்கும் கண் வைத்தியர் ஒருவரிடம் நான்தான் கூட்டிப்போனேன். கண் நன்றாக இருக்கிறது என்று மூக்குக் கண்ணாடிக்கு எழுதித் தந்தார். கை விழுந்த கதையை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சொல்லாதது என் பிழை. ஆனால் ஒரு கண் மட்டும் சில நிமிடம் இருண்டு திரும்பியது என்று வயதான ஒருவர் சொன்னால் கழுத்தையும் பார்க்க அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. இதை எழுதுவதற்கு எனக்குத் தயக்கமில்லை.

ஒன்பதாம் நாள் கை மறுபடி விழுந்தது. அன்று பயந்து கிளிநொச்சிக்குப் போனோம். வெளிநோயாளர் பிரிவில் இருந்தவர் மிகவும் இளம் வைத்தியர், என் மகளின் வயது. நான் கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் இடைமறித்து, "இதற்கு முன் கண்ணில் ஏதாவது நடந்ததா ஐயா?" என்றார். இவர் சொன்னார். "ஒரு கண்ணா, இரண்டுமா? பொத்திப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பிறகு இதயத்துடிப்பு கேட்கும் குழாயை நெஞ்சில் வைக்காமல் கழுத்தில் வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். எழுந்து, "இன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது அம்மா" என்றார். ஒன்பது நாளாக நாங்கள் தேடிய "நிபுணர்" அவர்தான் என்று இன்றும் சொல்வேன். பெயர்ப் பலகையில் அவருக்கு ஒரு பட்டம்தான் இருந்தது.

அவர் ஒரு கடதாசித் துண்டின் பின்பக்கம் கீறிக் காட்டினார். கழுத்தின் இரண்டு பக்கமும் மேலே போகும் பெரிய குழாய் தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று முகத்துக்கு, மற்றது மூளைக்கும் கண்ணுக்கும். கொழுப்பு படிவது அந்தப் பிரியும் இடத்தில். இவர் அதைப் பார்த்துவிட்டு, "கிளை வாய்க்கால் பிரியும் இடத்தில்தான் மண்ணும் படியும்" என்றார். படிவு குழாயை ஒடுக்குவதைவிட, அதிலிருந்து கழன்று மேலே போகும் துணுக்குகள்தான் பெரும்பாலும் கேடு செய்கின்றன. வலது குழாயிலிருந்து போனால் வலது கண் மறையும், ஆனால் இடது கை விழும், ஏனென்றால் மூளையின் வலப்பக்கம் உடம்பின் இடப்பக்கத்தை ஆள்கிறது. கண் ஒரு பக்கம், கை மறு பக்கம் என்பதால்தான் இரண்டையும் ஒன்றாக நாங்கள் நினைக்கவே இல்லை.

நிபுணர்கள் யார் யார் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிளிநொச்சியில் பொது வைத்திய நிபுணர் பார்த்தார். இரத்தக்கசிவு இல்லை என்று மூளையின் சி.டி. ஸ்கேனில் தெரிந்த பிறகு அஸ்பிரினும் கொலஸ்ட்ரோல் குளிசையும் தொடங்கினார், பிரஷரை இறக்கினார். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் அங்கிருந்து இரத்தக் கட்டி புறப்பட்டதா என்று ஈ.சி.ஜி. எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் கதிரியக்க நிபுணர் கழுத்தில் டொப்ளர் ஸ்கேன் செய்தார். வலியில்லை, ஊசியில்லை, வயிற்றில் பிள்ளையைப் பார்ப்பது போன்ற அதே கருவிதான். 80 வீதம் ஒடுங்கியிருந்தது. நடந்ததற்குக் காரணம் அந்த அடைப்புத்தானா என்று தீர்மானிப்பவர் நரம்பியல் நிபுணர். அதை வெட்டி எடுக்கலாமா என்று தீர்மானிப்பவர் இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணர். சிலருக்கு வெட்டாமல் குழாய்க்குள் வலைக்குழாய் (ஸ்டென்ட்) வைப்பார்கள், இவருக்கு அது வேண்டாம் என்றார்கள். இருதய நிபுணர் இதில் வருவது சத்திரசிகிச்சையை இதயம் தாங்குமா என்று பார்க்க. கழுத்தில் படிந்தால் நெஞ்சிலும் படிந்திருக்க இடமுண்டு.

"எத்தனை வீதம்" என்பதை எழுதி வாங்குங்கள். 1991 இல் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள்தான் இன்றும் அடிப்படை என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னார். கை விழுவது போன்ற அறிகுறி வந்து, ஒடுக்கம் 70 வீதத்துக்கு மேல் இருந்தால் குழாயை வெட்டித் திறந்து படிவை வழித்தெடுப்பதால் நல்ல பலன். 50 இலிருந்து 69 வரை ஆளைப் பொறுத்தது. 50 க்குக் கீழே வெட்டுவதில் பயனில்லை, மருந்துதான். முழுவதும் மூடிப்போன குழாயையும் திறப்பதில்லை. செய்வதென்றால் இரண்டு கிழமைக்குள் செய்வதே சிறந்தது. எந்த அறிகுறியும் இல்லாமல் தற்செயலாகக் கண்ட அடைப்புக்குக் கணக்கு வேறு, அவர்களில் பலருக்கு மருந்தே போதும். அதனால் உறவினர் யாராவது "எனக்கும் 60 வீதம், நான் குளிசையோடு நன்றாக இருக்கிறேன்" என்று சொன்னால் அதை உங்கள் அப்பாவுக்குப் பொருத்தாதீர்கள்.

கொழும்பு தேசிய வைத்தியசாலையில், கடைசியாகக் கை விழுந்ததிலிருந்து பதின்மூன்றாம் நாள் சத்திரசிகிச்சை நடந்தது. நூறில் சிலருக்குச் சத்திரசிகிச்சையே பாரிசவாதத்தைக் கொண்டுவரும் என்பதை ஒளிக்காமல் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். முடிந்ததும் எடுத்ததை ஒரு சிறு போத்தலில் காட்டினார்கள். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மஞ்சளாக, இறுகிய மெழுகுபோல, அடியில் ஒன்றாகவும் மேலே இரண்டாகவும் பிரிந்து, பொடியன்கள் கெட்டபோல் செய்ய வெட்டும் கவட்டைத் தடிபோல் இருந்தது. இவருக்கு இன்னும் வலது காதுச் சோணையிலும் தாடையிலும் உணர்ச்சி குறைவு, சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்துத்தான் செய்கிறார். அவ்வளவுதான். புகைப்பதை விட்டுவிட்டார்.

அந்த மூன்று கிழமையும் எங்கள் நெல் வயல் கரையில் கிடந்தது. நான் வைத்தியசாலையில் நிற்பது தெரிந்தே வியாபாரி வந்து, ஈரம் என்று மூடைக்கு இரண்டு கிலோ கழித்து, பேசிய விலையையும் குறைத்து ஏற்றிப் போனார். காயவைத்த நெல்லுக்கு என்ன ஈரம்? மகன் பஸ்ஸுக்குக் காசு வேண்டுமே என்று தலையாட்டிவிட்டான். கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று தெரியும். ஆனால் ஒரு வீட்டில் ஆள் விழுந்த நேரம் பார்த்துத் தராசோடு வருபவர்களைப் பற்றி எங்காவது எழுதத்தான் வேண்டும்.

கடைசியாக, உங்கள் அப்பா புதுக்குடியிருப்பில் இருந்தவர் என்பதால் இதைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றுதான் எழுதியிருந்தார்கள். அறை வாசலில் ஒருவர் படிவத்தோடு வந்து, "உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா ஐயா?" என்று கேட்டார். இவர் யோசிக்காமல் "இல்லை" என்றார். முகாமிலும் சோதனைச் சாவடியிலும் காயம் இருக்கிறதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிய "இல்லை". அந்தக் கருவி பெரிய காந்தம். உள்ளே கிடக்கும் இரும்புத் துண்டை அது அசைத்துவிடலாம். நான் எழுந்து, "இருக்கிறது, கழுத்தில் செல் துண்டு" என்றேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் 14 வருடத்துப் பயம் அப்படியே இருந்தது. படிவத்தை வைத்திருந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. குறித்துக்கொண்டு, சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு மாற்றிவிட்டார். அந்தப் படத்தில் துண்டும் தெரிந்தது. இரத்தக்குழாயிலிருந்து நன்றாகத் தள்ளி, தசைக்குள், யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் கிடந்தது.

உங்கள் அப்பாவிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். போவதற்கு முன் அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.