மொரேலியா ஏன் முதல் டிவிஷனுக்கு வரவில்லை?

வணக்கம்.

மெக்சிகோ கால்பந்து பற்றிய உங்கள் கட்டுரையில், அத்லெதிகோ மொரேலியா 2022-ல் இரண்டாம் டிவிஷன் சாம்பியன் ஆனது என்று ஒரு வரி வருகிறது. இங்கிலாந்து என்றால் அடுத்த பருவமே மேலே போயிருப்பார்கள். மொரேலியா அங்கேயே கிடக்கிறதே, ஏன்? 2000-ல் மெக்சிகோ சாம்பியனான மொனார்காஸ் மொரேலியாவும் இதுவும் ஒரே கிளப்பா? சிலர் ஆமாம் என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள். இன்னொன்று, 'கோசியெந்தே' என்று ஒரு கணக்கு அடிக்கடி கண்ணில் படுகிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மேலே போகும் வழியை 2020 ஏப்ரலில் அடைத்துவிட்டார்கள். அதனால்தான். அதுவரை இரண்டாம் டிவிஷனுக்கு 'அசென்சோ எம்எக்ஸ்' என்று பெயர். அசென்சோ என்றால் ஏற்றம். ஏற்றத்தை நிறுத்தியபோது பெயரிலிருந்தும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'லிகா தே எக்ஸ்பான்சியோன்' என்று வைத்தார்கள். கொரோனாவில் சின்ன கிளப்கள் கடனில் மூழ்குகின்றன, இளம் வீரர்களை வளர்க்க நிதானம் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஈடாக ஒவ்வொரு கிளப்புக்கும் ஆண்டுக்கு 2 கோடி பெசோ உதவித்தொகை என்றார்கள்.

பழைய முறையைத் தெரிந்துகொண்டால்தான் இழப்பு எவ்வளவு என்று புரியும். மெக்சிகோவில் ஒரு பருவத்துக்கு இரண்டு தொடர்கள். ஜூலையில் தொடங்குவது அபெர்துரா, ஜனவரியில் தொடங்குவது க்ளௌசுரா. புள்ளிப்பட்டியலில் முதலிடம் பிடித்தால் மட்டும் சாம்பியன் ஆக முடியாது. மேலே வந்த அணிகள் 'லிகீயா' என்ற நாக்அவுட்டில் மோதி, அதில் வெல்பவரே சாம்பியன். இப்படி ஆண்டுக்கு இரண்டு சாம்பியன்கள். இரண்டாம் டிவிஷனில் இந்த இருவரும் மே மாதம் மோதுவார்கள், ஜெயித்தவர் முதல் டிவிஷனுக்குப் போவார். இரண்டு தொடரையும் ஒரே அணி வென்றால் நேராக ஏற்றம். 2018–19-ல் அத்லெதிகோ சான் லூயிஸ் அப்படித்தான் ஏறியது. இரண்டு இறுதிப் போட்டியிலும் அதனிடம் தோற்றது மரடோனா பயிற்சியாளராக இருந்த தொராதோஸ் தே சினலோவா. அதற்குப் பிறகு ஆட்டத்தில் வென்று ஏறிய அணி என்று ஒன்றும் வரவில்லை.

2021 அபெர்துராவில் அத்லான்தே சாம்பியன், 2022 க்ளௌசுராவில் மொரேலியா சாம்பியன். பருவ முடிவில் இருவரும் மோதினார்கள். பழைய விதி இருந்திருந்தால் ஒரு நகரத்தின் தலையெழுத்தையே மாற்றியிருக்கக்கூடிய ஆட்டம் அது. அன்றைக்கு அதன் பெயர் 'சாம்பியன்களின் சாம்பியன்'. ஜெயித்தாலும் அதே டிவிஷன், தோற்றாலும் அதே டிவிஷன்.

2020-க்கு முன்னாலும் வழி முழுதாகத் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மைதானம், கணக்கு வழக்கு எல்லாம் சரி என்று கூட்டமைப்பு சான்றிதழ் கொடுத்த கிளப்தான் ஏறலாம். 2018-ல் கஃபெதலேரோஸ் தே தபாசூலா ஏற்றப் போட்டியில் வென்றது. சான்றிதழ் இல்லாததால் ஏற முடியவில்லை. கீழே இறங்கியிருக்க வேண்டிய லோபோஸ் புவாப் 12 கோடி பெசோ கட்டி முதல் டிவிஷனிலேயே இருந்துகொண்டது. அந்தப் பணம் தபாசூலாவுக்குப் போனது. அடுத்த ஆண்டு வெராக்ரூஸும் அதே 12 கோடியைக் கட்டித் தப்பியது. ஆனால் கடன் பாக்கிகளுக்காக 2019 டிசம்பரில் அதைக் கூட்டமைப்பிலிருந்தே நீக்கினார்கள். காசு கொடுத்தால் இறங்காமல் இருக்கலாம் என்ற பழக்கம் அங்கேதான் வேர் பிடித்தது. 2020-க்குப் பிறகு அதுவே சட்டமாகிவிட்டது.

இனி உங்கள் கோசியெந்தே. பயப்பட ஒன்றும் இல்லை, வெறும் சராசரிதான். கடைசி மூன்று பருவங்களில் எடுத்த மொத்தப் புள்ளிகளை ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். முதல் டிவிஷனில் 18 அணிகள், ஒரு தொடருக்கு 17 ஆட்டம், ஆறு தொடருக்கு 102. இறங்குவது இந்தச் சராசரியில் கடைசியாக வரும் அணி. அந்த ஆண்டு கடைசியாக வந்த அணி அல்ல.

சிக்கல் எங்கே என்றால், புதிதாக ஏறிய அணிக்குப் பழைய ஆட்டங்கள் கிடையாது. ஒரு பழைய அணி 85 ஆட்டத்தில் 100 புள்ளி, புதிய அணி 17 ஆட்டத்தில் 20 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சராசரி 1.176. அடுத்த ஆட்டத்தில் இருவருமே தோற்றால் பழைய அணி 1.163-க்கு இறங்கும், புதிய அணி 1.111-க்கு விழும். இருவருமே ஜெயித்தால் பழையது 1.198, புதியது 1.278. புதிய அணிக்கு ஒவ்வொரு ஆட்டமும் ஐந்து மடங்கு கனம். நல்ல தொடக்கம் கிடைத்தால் காப்பாற்றும், நான்கு தோல்வி தொடர்ந்தால் முடிந்தது. பெரிய கிளப்புக்கோ ஒரு மோசமான பருவத்தைச் சமாளிக்க இரண்டு பழைய பருவங்கள் முட்டுக்கொடுக்கும்.

இந்தக் கணக்கு மொரேலியாவின் கழுத்தையும் நெரித்திருக்கிறது. 2017 மே மாதம், கடைசி நாள் ஆட்டம், மோன்தெர்ரேய் மைதானத்தில். ஸ்கோர் 1–1. ஆட்டம் முடியும் தறுவாயில் பெரு நாட்டு வீரர் ராவுல் ருயிதியாஸ் கோல் போட்டார். அந்த ஒரு கோலில் மொரேலியா தப்பியது, சியாபாஸ் இறங்கியது. அதைவிட வியப்பு, அதே தொடரில் மொரேலியா லிகீயாவுக்கும் தகுதி பெற்றது. கிண்ணத்துக்கான வாசலும் கீழே விழும் வாசலும் ஒரே இரவில் திறந்திருந்தன. சராசரி முறையில்தான் இப்படி நடக்கும்.

இறக்கத்தை நிறுத்திய பிறகும் கோசியெந்தே சாகவில்லை, அபராதப் பட்டியலாக மாறியது. 2020–21-ல் கடைசி மூன்று அணிகளுக்கு 12, 7, 5 கோடி பெசோ என்று வைத்தார்கள். பிறகு 8, 4.7, 3.3 கோடியாகக் குறைத்தார்கள். முதலாளியின் இடத்தில் இருந்து பாருங்கள். நல்ல அணியைக் கட்ட ஆகும் செலவு அபராதத்தைவிட அதிகம் என்றால் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். கீழ் டிவிஷனிலோ நிலைமை நேர் எதிர். மூன்றாவதாக வந்தாலும் பதின்மூன்றாவதாக வந்தாலும் அடுத்த ஆண்டு அதே இடம். அதனால் ஜனவரியில் நல்ல விலை வந்தால் சிறந்த வீரரை விற்பதே கணக்குக்குச் சரி. இரண்டு டிவிஷனையும் ஒரே முடிவு கெடுத்துவிட்டது என்பது என் உறுதியான கருத்து. மொரேலியா உள்ளிட்ட சில கிளப்கள் ஏற்றத்தைத் திரும்பக் கேட்டு லோசானிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போனதில் முழு நியாயம் இருக்கிறது.

இரண்டாவது கேள்விதான் மனதைப் பிசைவது. மொரேலியா கிளப் 1950-ல் தொடங்கியது. மஞ்சள் சட்டை, அதனால் 'கனாரியோஸ்', கனேரிப் பறவைகள். 1996-ல் டிவி அஸ்தேகா வாங்கியது, 1999-ல் 'மொனார்காஸ்' என்று பெயர் வைத்தது. மொரேலியா இருக்கும் மிச்சுவாகான் மாநில மலைகளின் ஒயாமெல் மரங்களுக்கு நவம்பர் தொடக்கத்தில் கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்து சேரும் மொனார்க் பட்டாம்பூச்சியின் பெயர் அது. கிளைகள் வளையும் அளவுக்குக் கொத்துக்கொத்தாகத் தொங்கும், மார்ச்சில் திரும்பிப் போகும். 2000 டிசம்பரில் தோலூகாவை பெனால்டியில் வென்று அந்தப் பெயரில் ஒரே முறை சாம்பியன் ஆனார்கள். வலையில் நின்றவர் ஆங்கெல் கோமிஸோ.

2020 ஜூனில் டிவி அஸ்தேகா முதல் டிவிஷன் இடத்தை சினலோவா மாநிலத்தின் மசாத்லானுக்குக் கொண்டுபோனது. அங்கே மாநில அரசு கட்டிய புது மைதானம் காத்திருந்தது. ஊரடங்கிலும் மொரேலியா ரசிகர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். மெக்சிகோவில் லீக்கில் இடம் என்பது உரிமையாளர் கையிலிருக்கும் பதிவுத் தாள். ஊரைக் கேட்காமலேயே அது இடம் மாறலாம். நான் மேலே சொன்ன கஃபெதலேரோஸ்கூட தபாசூலாவிலிருந்து துஸ்த்லா, அங்கிருந்து கான்கூன் என்று போய் இப்போது கான்கூன் எஃப்சி.

ஆகவே தாளின்படி பார்த்தால் மொனார்காஸ் மசாத்லானுக்குப் போய்விட்டது. இன்றைய அத்லெதிகோ மொரேலியாவின் தாள் வேறு ஊருடையது. மொரேலோஸ் மாநிலத்தில் சர்க்கரை ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் சகதெபெக். அதன் அணிக்குப் பட்டப்பெயர் 'கன்யேரோஸ்', கரும்புக்காரர்கள். 1955-லும் 1958-லும் மெக்சிகோ சாம்பியன். அந்த இரண்டாம் டிவிஷன் இடத்தைத்தான் 2020-ல் மொரேலியாவுக்கு மாற்றினார்கள். (மொரேலோஸ் மாநிலம், மொரேலியா நகரம், மொரேலோஸ் மைதானம் மூன்றும் விடுதலைப் போராளி ஹோசே மரியா மொரேலோஸின் பெயர். குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆனால் 1989-ல் திறந்த அதே மைதானம், அதே மஞ்சள் சட்டை, அதே மக்கள். மசாத்லானோ ஊதா நிறத்தில் புதுக் கணக்கு தொடங்கியது, 2000 கோப்பையைத் தன்னுடையது என்று சொன்னதில்லை. அந்தக் கோப்பை மொரேலியாவுடையது என்று தயங்காமல் சொல்வேன். அதே அளவுகோலை வைத்தால் 1955, 1958 கோப்பைகள் சகதெபெக்குடையவை, மொரேலியா அவற்றைத் தொடக்கூடாது. மொரேலியாவுக்கு மூன்று பட்டம் என்று எங்காவது படித்தால், ஊரையும் தாளையும் கலந்து எண்ணியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.