எஸ்.பி.எச். கணக்கீட்டில் (தண்ணீரைத் துகள்களாகப் பிரித்து ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் முறை) தண்ணீர் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது. சுவரை எப்படி அமைப்பது?

சுவருக்கு ஒற்றை வரிசைத் துகள் வைத்து, கிட்டே வருவதைத் தள்ளிவிட விசையும் கொடுத்திருக்கிறீர்கள். விசை குறைந்தால் கசிகிறது, கூடினால் தெறிக்கிறது என்கிறீர்கள். நானும் அங்கேதான் மாட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு ஊர் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தரை அணைக்கட்டு தாண்டி வாய்க்காலில் வரும். எங்கள் வயலுக்குத் திரும்பும் 30 செ.மீ. மடையைத்தான் முதலில் கணினியில் கட்டினேன்.

இந்த முறை 1977-இல் விண்மீன்களைக் கணக்கிடப் பிறந்தது. விண்மீனுக்கு ஏது சுவர்? 1994-இல், இதை உருவாக்கியவர்களில் ஒருவரான மோனகன் இதைத் தண்ணீருக்குக் கொண்டுவந்தபோது, நீங்கள் வைத்திருப்பது போன்ற தள்ளுவிசையைத்தான் வைத்தார். ஆனால் கோளாறு விசையின் அளவில் இல்லை. ஒரு துகளின் அடர்த்தி அதன் அண்டைத் துகள்களைக் கூட்டி வருவது. சுவரை ஒட்டிய துகளுக்கு ஒரு பக்கம் அண்டையே கிடையாது, அடர்த்தி கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் சுவர்த் துகள்கள் வேண்டும், தள்ளுவதற்கு அல்ல. கர்னலின் (தொலைவைப் பொறுத்து அண்டைத் துகளுக்கு எடை தரும் சார்பு) வீச்சு துகள் இடைவெளியைப்போல 2.6 மடங்கு என்றால் மூன்று வரிசை வையுங்கள்.

மூன்று வரிசை வைத்து, தண்ணீருக்கு உள்ள அதே தொடர்ச்சிச் சமன்பாட்டை (அடர்த்தி மாறுவதைக் கணக்கிடுவது) சுவர்த் துகளுக்கும் கொடுத்து, நகராமல் மட்டும் நிறுத்தினேன். எழுதச் சுலபம், கசிவும் நின்றது. ஆனால் திரையைப் பார்த்த அப்பா, "ஏங்கண்ணு, தண்ணி கரையத் தொடாமயே போகுதே?" என்றார். அவர் சொன்னது சரி. இருபுறமும் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. மடையின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு போயே போச்சு! பெரிய அணைக்கு இது பொருட்டில்லாமல் இருக்கலாம், மடைக்குத் தாங்காது.

பிறகு ஆய்வாளர் அடாமியும் உடனிருந்தவர்களும் 2012-இல் சொன்ன வழிக்கு மாறினேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். சுவர்த் துகளுக்குச் சொந்த அழுத்தம் கிடையாது. சுற்றியுள்ள தண்ணீர்த் துகள்களின் அழுத்தத்தைக் கர்னல் எடையோடு சராசரி எடுத்து, ஆழ வித்தியாசத்துக்கான ஈர்ப்புப் பங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்த ஈர்ப்புப் பங்கை விட்டுவிடாதீர்கள், விட்டால் அடித்தளத்தில் தண்ணீர் அமுங்கும். அந்த அழுத்தத்திலிருந்து நிலைச் சமன்பாட்டை (அடர்த்தியிலிருந்து அழுத்தத்தைத் தருவது) திருப்பிப் போட்டு அடர்த்தியை எடுங்கள். சுவரில் தண்ணீர் வழுக்கக் கூடாதென்றால், சுவரின் வேகத்தை இரட்டித்து, அதிலிருந்து அண்டைத் தண்ணீரின் சராசரி வேகத்தைக் கழித்துப் பாகுநிலைக் கணக்கில் (தண்ணீரின் உள் உராய்வு) மட்டும் போடுங்கள். நிற்கும் சுவருக்கு அது வெறும் எதிர்க்குறி வேகம்.

கண்ணாடிப் பிம்பம்போலத் துகள்களைப் பிரதியெடுக்கும் வழியும் உண்டு. நேர்ச்சுவருக்கு நன்று, மூலை வந்தால் தலைவலி.

ஓடும் நீரை விடுமுன் ஒரு தொட்டியில் 50 செ.மீ. தண்ணீரை அசையாமல் நிறுத்திப் பாருங்கள். அடியில் சுமார் 4905 பாஸ்கல் வரவேண்டும், துகள்கள் அடங்கிக் கிடக்க வேண்டும். என் முதல் சுவரில் அது அரை நொடிகூட அடங்கவில்லை. உங்கள் சுவரில் வளைவோ கூர்முனையோ இருந்தால் கீழே எழுதுங்கள், அதற்கு வேறு கணக்கு இருக்கிறது.