கேம் எஞ்சின் எதை எடுப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு 2டி கேம் செய்யப் போகிறோம். காணாமல்போன ஆட்டைத் தேடிப் போகும் சிறுவனின் கதை. பிக்சல் ஆர்ட், வசனம் முழுக்கத் தமிழ். எஞ்சின் (கேம் உருவாக்க உதவும் மென்பொருள்) யூனிட்டியா, கோடோவா, கேம்மேக்கரா? வீடியோவுக்கு வீடியோ வேறு வேறு சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது தம்பி. ‘வசனம் முழுக்கத் தமிழ்’, ‘4 ஜிபி ராம்’. கோடோ 4-ஐ எடுங்கள்.

எது வேகம், எது தரம் என்று வீடியோக்களில் நடக்கும் சண்டையை விட்டுத்தள்ளுங்கள். பிரபலமான கேம்களில் ஹாலோ நைட் யூனிட்டியில் வந்தது, அண்டர்டேல் கேம்மேக்கரில், ப்ரோட்டேட்டோ கோடோவில். ஆடு தேடும் கதைக்கு மூன்றுமே தாராளம். உங்களுக்கு வேண்டிய சோதனை வேறு. எஞ்சினைத் திறந்து ஒரு லேபிள் (திரையில் எழுத்தைக் காட்டும் பெட்டி) வைத்து, ‘கொக்கு மௌனமாகப் போனது’ என்று தட்டிப் பாருங்கள். யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறை) ‘கொ’ என்பது முதலில் ‘க’, அதற்குப் பின்னால் உயிர்க்குறி என்ற வரிசையில் இருக்கும். திரையில் வரையும்போது கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். அதைச் செய்யத் தெரியாத எஞ்சினில் கொம்பு இடம் மாறி, படிக்கவே முடியாத கோலமாகிவிடும்.

கோடோவின் பழைய 3 வரிசையிலும் இந்தத் தொல்லை இருந்தது. 2023 மார்ச்சில் வந்த 4.0-இல் எழுத்துகளைச் சரியான வடிவில் அடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நூலகத்தை (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்பை) சேர்த்தார்கள், தமிழ் ஒழுங்காக வந்துவிட்டது. யூனிட்டியில் எல்லோரும் பயன்படுத்தும் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ இதைச் செய்வதில்லை. பாமினி போன்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவுக்கு வசனத்தை மாற்றிப் போட்டு ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. ஒரு மெனுவுக்கு அது போதும். கதை முழுக்க வசனம் என்றால், ஒவ்வொரு எழுத்துப்பிழையையும் இரண்டு இடத்தில் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். யூனிட்டி 6-இல் யூஐ டூல்கிட் (மெனு, பொத்தான்களுக்கான கருவி) பக்கம் புது வழி வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் பார்க்கிற பாடங்களில் பெரும்பாலானவை இன்னும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவைத்தான் காட்டும்.

கோடோவிலும் ஒரு பொறி உண்டு. உங்கள் லேப்டாப்பில் தமிழ் அழகாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுத்துரு எதுவும் சேர்க்காவிட்டால் அது விண்டோஸிடமிருந்து கடன் வாங்கிக் காட்டியிருக்கும். அதே கேமை பிரவுசருக்கு எக்ஸ்போர்ட் செய்தால் (அதில் ஓடும் வடிவமாக மாற்றினால்) வெறும் கட்டம் கட்டமாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இலவசம். முதல் நாளே அதை புராஜெக்டுக்குள் போட்டுவிடுங்கள்.

அப்புறம் பிக்சல் அளவு. 320×180-இல் வரைகிறவர்கள் அதிகம். ஆறு மடங்கு பெருக்கினால் 1920×1080 சரியாக நிரம்பும். உங்கள் லேப்டாப் அனேகமாக 1366×768 திரையாக இருக்கும். அதில் நான்கு மடங்கு, அதாவது 1280×720 வரை போகலாம், ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு நிற்கும். முழு மடங்காகவே பெருக்கு என்று சொல்ல கோடோ 4.2 முதல் ஒரு அமைப்பு இருக்கிறது. அதை இயக்குங்கள், இல்லாவிட்டால் சில பிக்சல்கள் மட்டும் தடித்துக்கொண்டு நிற்கும். ஸ்ட்ரெச் மோடில் (படத்தைத் திரைக்கு ஏற்பப் பெருக்கும் முறை) ‘வியூபோர்ட்’ எடுத்தால் எழுத்தும் அந்த 180 வரிக்குள்தான் வரையப்படும். ஆங்கில எழுத்து எட்டு பிக்சல் உயரத்தில் பிழைத்துக்கொள்ளும். நம் ‘ணி’யும் ‘னீ’யும் அதில் நொறுங்கிவிடும். ‘கேன்வாஸ் ஐட்டம்ஸ்’ எடுத்தால் படம் பிக்சலாகவே இருக்கும், எழுத்து மட்டும் திரையின் முழுக் கூர்மையில் வரும். தமிழ் பிக்சல் எழுத்துருவே வேண்டும் என்று அடம்பிடிக்கிற நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். வரைய ஆரம்பித்தால் அதுவே தனி புராஜெக்ட் ஆகிவிடும்.

லேப்டாப் பழையது என்பதால் புது புராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரராக (திரையில் படம் வரையும் பகுதி) ‘கம்பாட்டிபிலிட்டி’யை எடுங்கள். அதற்கு ஓபன்ஜிஎல் 3.3 என்ற பழைய கிராஃபிக்ஸ் தரமே போதும். எஞ்சினை நிறுவ வேண்டியதுகூட இல்லை, ஒரே கோப்பு, இரட்டைக் கிளிக்.

கேள்வி: அலுவலகத்தில் ஐந்து வருடமாக சி ஷார்ப் (யூனிட்டியிலும் பயன்படும் நிரல் மொழி) எழுதுகிறேன். யூனிட்டிதான் இயல்பான தேர்வு. ஆனால் 2023-இல் கட்டண விஷயத்தில் நடந்த கூத்துக்குப் பிறகு நம்பலாமா? (மென்பொருள் பணியாளர், கோவை)

பதில்: விஷயம் தெரியாதவர்களுக்காக: 2023 செப்டம்பரில், ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று யூனிட்டி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது, விதிகளைத் தளர்த்தினார்கள், தலைமை நிர்வாகி வெளியேறினார், 2024 செப்டம்பரில் கேம்களுக்கான அந்தக் கட்டணத்தையே கைவிட்டார்கள். கூடவே இலவசப் பதிப்புக்கான வருமான வரம்பை ஆண்டுக்கு 2,00,000 டாலராக உயர்த்தினார்கள். அந்த வரம்பைத் தாண்டும் கவலை உங்களுக்கு வந்தால் எனக்கும் ஒரு டப்பா மைசூர்பாகு அனுப்புங்கள்.

பணத்தைவிடப் பெரிய கேள்வி, பாதி வழியில் விதியை மாற்றுவார்களா என்பது. ஸ்லே தி ஸ்பையர் 2 என்ற கேமை யூனிட்டியில் ஆரம்பித்த மெகா கிரிட் நிறுவனம் அந்தச் சமயத்தில்தான் கோடோவுக்கு மாறியது. டெர்ராரியா கேமை உருவாக்கிய ரீ-லாஜிக், கோடோவுக்கும் எஃப்என்ஏ என்ற இன்னொரு திறமூலக் கருவிக்கும் ஆளுக்கு 1,00,000 டாலர் நன்கொடை கொடுத்தது. எம்ஐடி உரிமத்தில் (யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற உரிமம்) ஒருமுறை வெளியான கோடோ பதிப்புக்கு யாரும் பின்னால் வந்து கட்டணம் போட முடியாது. எனக்கு அது பெரிய நிம்மதி.

ஆனால் நீங்கள் கேம் நிறுவனத்தில் வேலை தேடும் எண்ணத்தில் இருந்தாலோ, விளம்பரம் போட்டு மொபைலில் சம்பாதிக்க நினைத்தாலோ யூனிட்டியிலேயே இருங்கள். அதற்கான ஆயத்தக் கருவிகள் அங்கேதான் அதிகம். கோடோவிலும் சி ஷார்ப் எழுதலாம், ஒரு குறையோடு: கோடோ 4-இல் சி ஷார்ப் புராஜெக்டைப் பிரவுசருக்கு எக்ஸ்போர்ட் செய்ய முடியாது. கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்ட் என்றால் முடியும். பைத்தான் சாயலில் இருக்கும், உங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகாது.

மூன்றாவதாக ஒன்று: மோனோகேம், சி ஷார்ப்பிலேயே கேம் எழுத ஒரு கட்டமைப்பு. ஸ்டார்டியூ வேலி என்ற கேம் இப்போது அதில்தான் ஓடுகிறது. எடிட்டர் கிடையாது, எல்லாமே கோடு (நிரல்) எழுதித்தான். ஐந்து வருடம் கோடு எழுதிய கைக்கு அது பிடித்துப்போனாலும் போகும்.

கேள்வி: மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஸ்க்ராட்ச்சில் (பிள்ளைகள் நிரல் பழகும் மென்பொருள்) நிறையச் செய்கிறான். அடுத்து எதில் சேர்க்கலாம்? (ஓர் அம்மா, மதுரை)

பதில்: அவனாகச் சலித்துப்போகும்வரை ஸ்க்ராட்ச்சிலேயே விடுங்கள் அம்மா. சலித்ததும் கேம்மேக்கர். மார்க் ஓவர்மார்ஸ் என்ற நெதர்லாந்துப் பேராசிரியர் 1999-இல் தொடங்கியது. பிளாக்குகளை இழுத்துப் போட்டும் செய்யலாம், பழகிய பிறகு கோடு எழுதியும் செய்யலாம். 2023 நவம்பரிலிருந்து விற்பனை செய்யாதவர்களுக்கு இலவசம். வகுப்பில் எல்லாம் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: எஞ்சின் இல்லாமல் எழுதுவதுதான் நிஜமான புரோகிராமிங் என்கிறார் என் சீனியர். 2டி பிளாட்ஃபார்மர் (குதித்துத் தாவிப் போகும் கேம்) செய்ய ஆசை. (மாணவி, சேலம்)

பதில்: சீனியர் பலாட்ரோவை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். 2024-இல் வந்து சக்கைப்போடு போட்ட அந்தச் சீட்டாட்டம் லவ் என்ற, லுவா மொழிக்கான சின்னக் கட்டமைப்பில் எழுதப்பட்டது. சீட்டாட்டத்துக்கு லெவல் எடிட்டர் (கேமின் கட்டங்களை வரையும் கருவி) தேவையில்லை, மோதல் கணக்கும் (எது எதில் இடிக்கிறது என்ற கணக்கு) தேவையில்லை. உங்கள் பிளாட்ஃபார்மருக்கு இரண்டும் வேண்டும். டைல்டு போன்ற கருவியில் லெவல் வரைந்து லவ்வில் ஏற்றலாம், முடியாதது இல்லை. ஆனால் குதிப்பதும் விழுவதும் கைக்கு இதமாக வருவதற்கே பல நாள் மெனக்கெட வேண்டும். அந்த நாட்களை டைல் (சின்னச் சதுரத் துண்டு) வரைபடத்தைத் திரையில் காட்டுவதில் செலவழிப்பானேன்? எஞ்சினையே எடுங்கள்.

கேள்வி: ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் போட 100 டாலர் கட்ட வேண்டுமாமே? (வாசகர், திருச்சி)

பதில்: ஆமாம், ஒவ்வொரு கேமுக்கும். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அந்த நூறு திரும்பி வரும். முதல் கேமை இட்ச்.ஐஓ தளத்தில் போடுங்கள், அங்கே காசு கேட்க மாட்டார்கள். கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டாலர், ஆனால் புதிய தனிநபர் கணக்கு என்றால் பன்னிரண்டு பேர் தொடர்ந்து பதினான்கு நாள் சோதனையில் இருந்தால்தான் வெளியிட விடுவார்கள். அந்தப் பன்னிரண்டு பேரை இப்போதே பிடித்து வையுங்கள்.