ஒரு வீட்டுக்கு 720 ரூபாய்

வணக்கம் அய்யா,

புதைபடிவங்கள் கிடைக்கும் காரைக்கும் சாத்தனூருக்கும் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். கல்மரமும் கல்லாய்ப்போன நத்தைகளும் எனக்குப் பழசு, சின்ன வயதில் அவற்றை வைத்துத்தான் விளையாடினோம். ஆனால் கட்டுரையின் கடைசியில் "சிமெண்ட் ஆலைகள் இந்த மண்ணைத் தின்றுகொண்டிருக்கின்றன" என்று எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வரி என்னை உறுத்துகிறது.

நான் அரியலூர் மாவட்டத்துக்காரன். எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல் இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அப்பா இரண்டரை ஏக்கரை ஓர் ஆலைக்கு விற்றார். அக்கா கல்யாணமும் என் டிப்ளமோவும் அந்தப் பணத்தில்தான் நடந்தன. இன்று நான் வேறு மாவட்டத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஊரில் ஆலைக்காரர்கள் ஆர்.ஓ. தண்ணீர் மெஷின் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், வருடத்துக்கு இரண்டு கண் சிகிச்சை முகாம். தூசி உண்டு, லாரித் தொல்லை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. அது எந்த ஊரில் போகவில்லை? சமூகப் பொறுப்பு என்று இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? நீங்கள் குடியிருப்பதும் கான்கிரீட் வீட்டில்தானே?

இப்போது சுரங்கத்தை விரிவாக்கப்போகிறார்களாம், கருத்துக்கேட்புக் கூட்டம் வருகிறது. மீதி ஒன்றரை ஏக்கரையும் கேட்கிறார்கள். அப்பா என்னிடம் யோசனை கேட்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெயர் வேண்டாம் அய்யா.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெயரோடு ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டேன்.

அந்த வரி சோம்பேறித்தனமான வரிதான். பயணக் கட்டுரையை முடிக்கும்போது கொஞ்சம் கோபப்பட்டால் எடுப்பாக இருக்கும் என்று போட்டது. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், நீங்களும் கணக்குத் தெரிந்தவர்.

என் வீடு ஆயிரம் சதுர அடி. சதுர அடிக்கு 0.4 மூட்டை என்பது கட்டுமானக்காரர்களின் வாய்க்கணக்கு. அப்படியென்றால் 400 மூட்டை, 20 டன் சிமெண்ட். ஒரு டன்னுக்கு ஒன்றரை டன் கல் என்று வைத்தால் 30 டன் சுண்ணாம்புக்கல். (சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் குறையும். அதை உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது.) இந்தக் கல்லைத் தோண்டி எடுப்பதற்குக் கட்டவேண்டிய ராயல்டி, சாதாரண ரகத்துக்கு, டன்னுக்கு 80 ரூபாய். 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது, சுரங்கத்தால் பாதிக்கப்படும் ஊர்களுக்கென்றே மாவட்டக் கனிம அறக்கட்டளையை உண்டாக்கினார்கள். அந்தத் திருத்தத்துக்கு முன்பே குத்தகை வாங்கிய சுரங்கங்கள் ராயல்டியில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையை அதில் கட்டவேண்டும். அதற்குப் பிறகு ஏலத்தில் எடுத்தவர்கள் 10 சதவீதம் கட்டினால் போதும். 80 ரூபாயில் 30 சதவீதம் 24 ரூபாய். முப்பது டன்னுக்கு 720 ரூபாய்.

என் தலைக்கு மேல் கூரை நிற்பதற்காக உங்கள் பக்கத்து ஊர்கள் அத்தனைக்கும் சேர்த்துக் கிடைத்தது இவ்வளவுதான். ஏலச் சுரங்கத்துக் கல் என்றால் வெறும் 240. கொத்தனாருக்கு ஒருநாள் கூலியாக இதை நீட்டினால் கரண்டியை வீசிவிட்டுப் போய்விடுவார். கிரகப்பிரவேசத்துக்கு வாசலில் வாழைமரம் கட்டியவருக்கே நான் இதைவிட அதிகம் கொடுத்தேன். கான்கிரீட் வீட்டில் இருந்துகொண்டு பேசலாமா என்று கேட்கிறீர்கள். இந்த விலைக்கு வாங்கியவன் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் தப்பு என்று நான் நினைக்கிறேன்.

2025 ஏப்ரலில் இருந்து தமிழக அரசு கனிமம் உள்ள நிலத்துக்குத் தனியாக வரி போடுகிறது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய், ராயல்டியைப் போல இரண்டு மடங்கு. அது மாநிலக் கஜானாவுக்குப் போகிறது. உங்கள் ஊர் ஏரிக்கு வருமா என்றால், கஜானாவுக்குப் போன பணம் எந்த ஊருக்கு வழி கேட்டு வந்திருக்கிறது?

இனி ஆர்.ஓ. மெஷின். அதன்மேல் ஒரு பலகை இருக்கும், பார்த்திருப்பீர்கள். நம் கோயில்களில் டியூப்லைட் வாங்கிக் கொடுப்பவர் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு 'உபயம்' என்று தன் பெயரை எழுதுவாரே, அந்த மாதிரி. உபயம் என்பது கொடுப்பவர் இஷ்டம். கொடுத்தால் கும்பிடுவோம், கொடுக்காவிட்டால் கேட்க முடியாது. ஆனால் ஆலை செலவழிக்கும் இந்தப் பணம் உபயம் இல்லை. 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேலே வளர்ந்த எந்தக் கம்பெனியும், மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவழித்தாக வேண்டும். சோப்பு செய்கிற கம்பெனியும் செய்கிறது, சாஃப்ட்வேர் கம்பெனியும் செய்கிறது. அவர்கள் யாரும் குழி தோண்டவில்லை. ஆக, சுற்றுச்சுவரும் கண் முகாமும் லாபம் சம்பாதித்ததற்கான கடமை. குழி தோண்டியதற்கான கடன் அப்படியே நிற்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. உங்களைக் குறை சொல்லவில்லை, கலக்கத்தான் அந்தப் பலகை.

(அந்த மெஷின் விஷயத்தில் ஆலைக்காரர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர் பிறவியிலேயே கடினம். உங்கள் பாட்டி காலத்திலும் அதில் பருப்பு வேகாமல் கிடந்திருக்கும். எல்லாவற்றையும் சுரங்கத்தின் தலையில் கட்ட முடியாது.)

கட்டுரைக்காகச் சுற்றிய அன்று, எழுதாமல் விட்ட ஓர் இடம் உண்டு. கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாளைப் பார்க்கப் போயிருந்தேன். மூலவருக்குச் சிலை கிடையாது, ஒரு கல்தூண்தான் பெருமாள். விவசாயிகள் விளைந்ததில் ஒரு பங்கைத் தானியமாகவே கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அங்கிருந்து திரும்பும் வழியில் ஒரு பழைய சுரங்கக் குழியின் ஓரத்தில் நின்றேன். மேலே மூன்று நாலு அடிக்குக் கரிசல். அதன் கீழே சுக்கான் கல். அதற்கும் கீழே மஞ்சள் பூத்த பாறை, அதில் உள்ளங்கை அளவு சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன, மூட்டை கட்டி அடுக்கியது போல. ஏழு கோடி வருடத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லே பெரும்பாலும் அந்தச் சிப்பிகள்தான். சுரங்கம் வெட்டாமல் இருந்திருந்தால் அந்தச் சுவரை நானும் பார்த்திருக்க மாட்டேன், புவியியல்காரர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். வெட்டிப்போட்டதால்தான் தெரிகிறது, வெட்டுவதால்தான் போகிறது. இதற்கு என்னிடம் தீர்ப்பு எதுவும் இல்லை.

குழியின் அடியில் பச்சையாகத் தண்ணீர். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், ஆடுகள் அதில் குடிக்குமா என்று கேட்டேன். "தண்ணி இருக்கு தம்பி, பாக்கத்தான்" என்றார். கரை செங்குத்து. ஆடு இறங்கினால் ஏறாது, பிள்ளை விழுந்தால் சொல்லவே வேண்டாம். ஆனால் காகிதத்தில் இதற்குப் பெயர் மழைநீர்ச் சேகரிப்பு நீர்த்தேக்கம். ஏரிக்குக் கலிங்கும் மதகும் உண்டு, இறங்கப் படி உண்டு, மாடு குளிப்பாட்டச் சரிவு உண்டு. அவை இல்லாதது குழி.

கடன் என்று நான் சொன்னது இதைத்தான். சுரங்கம் முடியும்போது மண் என்ன நிலையில் திரும்பி வரும்? மேல்மண்ணைத் தனியே குவித்துவைத்து மறுபடி பரப்பவேண்டும் என்று விதி இருக்கிறது. நான் பார்த்த கரிசல் குவியலில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நின்றது. சுரங்க மூடல் திட்டம் என்று ஒன்று ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இருக்கவேண்டும், அதற்குப் பிணைத் தொகையும் உண்டு. 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், தோண்டிய நிலத்தில் மறுபடி புல் வளர்த்து மேய்ச்சலுக்கு ஆகும்படி செய்யவேண்டும் என்று உத்தரவிட்டது. யோசித்துப் பாருங்கள், ஆட்டுக்குப் புல் வேண்டும் என்பதைச் சொல்ல இந்த நாட்டில் உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது. உங்கள் ஊர் டீக்கடையில் ஆர்.ஓ. மெஷின் யார் கொடுத்தது என்று கேட்டால் பத்துப் பேர் சொல்வார்கள். மூடல் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்குத் தெரியாது. குத்தகை 50 வருடம். திட்டத்தில் கையெழுத்துப் போட்ட யாரும் அன்று இருக்கப்போவதில்லை.

கல்லக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1939-ல் அங்கே ஆலை வந்தது, ஊர்ப் பெயர் டால்மியாபுரம் ஆனது. 1953-ல் பெயரை மாற்றச் சொல்லி கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். தமிழ்நாட்டுக்கே தெரிந்த கதை. பெயருக்காகத் தண்டவாளத்தில் படுத்தோம். கல் போன இடத்தைப் பற்றி நாம் அந்த அளவுக்குப் பேசியதில்லை.

லாரியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் அவர் பள்ளிக்கூட நேரம் பார்த்து ஓட்டமாட்டார். கூலி முறையை மாற்றாமல் வேகத்தடை போடுவது கண் துடைப்பு.

தண்ணீருக்கு வருகிறேன். எல்லா ஊரிலும்தான் இறங்கியிருக்கிறது என்கிறீர்கள், உண்மை. போர் போட்டு நாமே உறிஞ்சியது பாதிக்கு மேல் இருக்கலாம். ஆனால் சுரங்கம் நீர்மட்டத்துக்குக் கீழே போனால் நடப்பது வேறு. சுற்றியுள்ள கிணறுகளின் ஊற்று பள்ளத்தைப் பார்த்துத் திரும்பும். பள்ளத்தில் சேர்ந்ததை இரவும் பகலும் மோட்டார் வைத்து வெளியே இறைப்பார்கள், இறைத்தால்தான் கல் எடுக்க முடியும். உங்கள் கிணறு இறங்கியது வறட்சியாலா, போராலா, பள்ளத்தாலா என்று சொல்ல, பள்ளம் வருவதற்கு முந்தைய அளவு வேண்டும். யாரிடம் இருக்கிறது? ஆலையிடம் இருக்கும். பெரிய சுரங்கங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது, சுற்றுவட்டாரக் கிணறுகளின் மட்டத்தை வருடத்துக்கு நாலு தடவை அளக்கவேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை: கோடையில், ஆகஸ்டில், நவம்பரில், ஜனவரியில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையும் போகவேண்டும். அளவுகோல் ஒரு தரப்பிடம் மட்டுமே இருந்தால் வழக்கு என்ன ஆகும் என்று ஆய்வகத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். சுத்தமான கல் 100 கிராமைச் சுட்டால் 44 கிராம் காற்றில் போகிறது என்று தராசு வைத்துச் சொல்கிறவர் நீங்கள். சொந்தக் கிணற்றுக்கு மட்டும் "எங்கேயும்தான் இறங்கியிருக்கிறது" என்று குத்துமதிப்பாகச் சொல்கிறீர்கள்.

விற்கலாமா? நகரத்தில் உட்கார்ந்துகொண்டு "மண்ணை விற்காதீர்கள்" என்று உங்கள் அப்பாவுக்கு எழுத எனக்கு வெட்கமாக இருக்கும். அக்கா கல்யாணத்துக்கு நானா பணம் தந்தேன்? ஆனால் கூட்டத்துக்கு முன்னால் விற்கவேண்டாம். பட்டா கையில் இருக்கும் வரைதான் உங்கள் அப்பாவின் பேச்சுக்கு எடை. கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழில் கலெக்டர் அலுவலகத்தில் கிடைக்கவேண்டும். நீங்கள் போய் வாங்கி அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். குழி எத்தனை அடி ஆழம் போகிறது, நீர்மட்டம் எத்தனை அடி, முடிவில் எத்தனை ஏக்கர் மேய்ச்சலுக்குத் திரும்புகிறது, இந்த மூன்றைத் தேடுங்கள். கூட்டத்தில் கண் முகாம் கேட்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அப்பா இந்த மூன்றைக் கேட்கட்டும். பேசியதை எல்லாம் பதிவு செய்து கடைசியில் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும் என்பது விதி. அதற்குள் சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிடும், கூட்டம் கலைந்துவிடும். அப்பாவை உட்காரச் சொல்லுங்கள். அவர் கேட்டது வாசிக்கப்படாவிட்டால் எழுந்து சொல்லச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கிணற்றுக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் தட்டுகிறது என்று பாருங்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். அளவை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.