யோசப் முல்லர்-ப்ரொக்மான் போஸ்டர்கள்: சில கேள்விகள்

சுவிட்சர்லாந்தின் கிராஃபிக் டிசைனர் யோசப் முல்லர்-ப்ரொக்மான் (1914–1996) பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அண்ணா, 1955 பேத்தோவன் போஸ்டரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? எனக்கு நாலைந்து வளைவுதான் தெரிகிறது.

பதில்: அந்த வளைவுகளின் தடிமனைப் பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. மேற்கத்திய இசையில் கால், அரை, முழு என்று ஸ்வரத்தின் நீளம் இரட்டிக்குமே, அந்தக் கணக்கு. சூரிச்சின் டோன்ஹாலே அரங்கில் நடந்த கச்சேரிக்கான போஸ்டர் அது. பேத்தோவன் முகமும் இல்லை, பியானோவும் இல்லை. ஒலி பெருகிக்கொண்டே போவது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. விவரமெல்லாம் வளைவுகள் விட்டுவைத்த வெற்றிடத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

கேள்வி: அதில் இருக்கும் எழுத்துரு (ஃபான்ட்) ஹெல்வெட்டிகாதானே?

பதில்: இல்லை. ஹெல்வெட்டிகா வந்ததே 1957இல், அதுவும் வேறு பெயரில். இவர் கைக்குப் பிடித்தது பெர்லினின் பெர்ட்ஹோல்ட் நிறுவனம் வெளியிட்ட அக்சிடென்ஸ் குரோடெஸ்க் என்ற எழுத்துரு.

கேள்வி: ஆரம்பத்திலிருந்தே மினிமலாகத்தான் செய்தாரா சார்?

பதில்: கிடையாது. படம் வரைபவராகவும் மேடை, கண்காட்சி அமைப்பாளராகவும் இருந்தவர். 1953இல் ஆட்டோமொபைல் கிளப்புக்காகச் செய்த 'குழந்தையைக் காப்பாற்றுங்கள்' போஸ்டரில் பெரிய மோட்டார் சைக்கிளும் ஓடும் சிறுவனும் புகைப்படமாகவே இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். அறுபதுகளின் டோன்ஹாலே போஸ்டர்கள் பலவற்றில் வெறும் எழுத்துதான்.

கேள்வி: கிரிட், அதாவது பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கோடுகள், போட்டால் எல்லா வேலையும் ஒரே அச்சாகிவிடாதா?

பதில்: சோம்பேறி கையில் ஆகும். அவருடைய 1960 'டேர் ஃபில்ம்' (ஜெர்மனில் 'திரைப்படம்') கண்காட்சி போஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் மூன்று, உயரத்தில் ஐந்து, ஆக 15 கட்டங்கள். மேலே ஒன்பது கட்டம் வெறும் கருப்பு. அதன் கீழே வெள்ளையில் 'ஃபில்ம்', அதன் பின்னால் பாதி மறைந்தபடி சாம்பல் நிறத்தில் 'டேர்'. திரையில் ஒரு காட்சி கரைந்து இன்னொன்று எழும் நேரம் போலவே இருக்கிறது. சின்ன எழுத்து வரிகள் ஃபில்மின் முதல் எழுத்து தொடங்கும் கோட்டிலேயே தொடங்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு பேத்தோவனைவிட இதைத்தான் நான் காட்டுவேன். அளந்து பார்த்தால் எல்லாமே பிடிபட்டுவிடும். அப்புறம், 1981இல் வந்த அவருடைய கிரிட் புத்தகத்தையும் புரட்டுங்கள்.

கேள்வி: காலி இடம் விட்டால் கிளையன்ட் லோகோவைப் பெரிதாக்கச் சொல்கிறார்!

பதில்: காலி இடத்துக்கு வேலை இருந்தால் அதைச் சொல்லிவிடலாம். வேலை இல்லையென்றால் அவர் கேட்பது நியாயம்.

கேள்வி: தமிழ் எழுத்தில் இந்த கிரிட் முறை வருமா?

பதில்: வரும். ஆனால் மேலே கொக்கி, கீழே சுழி என்று நம் எழுத்து இரண்டு பக்கமும் நீளும். 'ர'வுக்கும் 'ணை'க்கும் அகலத்தில் எவ்வளவு வித்தியாசம்! ஆங்கிலத்துக்குப் போட்ட வரி இடைவெளியை அப்படியே வைத்தால் முட்டிக்கொள்ளும். முதலில் ஒரு பத்தியைத் தமிழில் அடித்து இடைவெளியை முடிவு செய்யுங்கள், அதன் மடங்கில் கட்டத்தின் உயரத்தை வையுங்கள்.