லாபம் புத்தகத்தில், பணம் ஸ்டோர்ஸில்: வாசகர் கேள்வி-பதில்

(பதில் சொல்பவர், கோவையில் ஒரு வால்வு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது தொழிற்சாலை மேலாளர்களுக்கு நிதி வகுப்பு எடுக்கிறார்.)

கேள்வி: நான் மெக்கானிக்கல் இன்ஜினீயர். வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் 14 வருடமாக உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். ஏப்ரலில் பிளான்ட் ஹெட் ஆக்கினார்கள். மாதாந்திர மீட்டிங்கில் ‘வொர்க்கிங் கேப்பிட்டல்’, ‘ஆர்ஓசிஇ’ என்று பேச்சு ஓடும்போது தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கம்பெனி செலவில் பயிற்சிக்கு அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். ஹோட்டலில் மூன்று நாள் வகுப்பா, ஐஐஎம் மாதிரி இடத்தில் வார இறுதிகளில் ஒரு வருடமா, எதில் சேரலாம்?
– வாசகர், ஓசூர்

பதில்: நீங்கள் மட்டுமா ஆட்டுகிறீர்கள்? நான் உட்கார்ந்த மீட்டிங்குகளில் பாதித் தலைகள் அப்படித்தான் ஆடும். புரிந்தவர் யார், புரியாதவர் யார் என்று கணக்குப் பிரிவில் எங்களுக்குத் தெரியும். சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

இப்போதைக்கு இரண்டிலும் சேராதீர்கள். முதலில் உங்கள் அக்கவுண்ட்ஸ் ஆளிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து மூன்று தாள் கேளுங்கள்: போன வருட பேலன்ஸ் ஷீட், ஸ்டாக் ஏஜிங், வரவேண்டிய பாக்கியின் ஏஜிங். ஏஜிங் என்றால் எந்தச் சரக்கு, எந்த பில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்கிற பட்டியல். ஒரு வார ராத்திரிகள் அதோடு உட்காருங்கள்.

கணக்கு இப்படிப் போகும். வருட விற்பனை 60 கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குச் சுமார் 16.4 லட்சம். சரக்கு 75 நாள் உங்களிடம் கிடக்கிறது. விற்ற பணம் வர 80 நாள். சப்ளையருக்கு நீங்கள் 45 நாளில் கொடுக்கிறீர்கள். 75-ம் 80-ம் கூட்டி 45-ஐக் கழித்தால் 110 நாள். அந்த 110 நாளுக்கான பணத்தை, சுமார் 18 கோடியை, யாராவது போட்டுத்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் பாங்க் போடும், வட்டிக்கு. இதுதான் அந்த வொர்க்கிங் கேப்பிட்டல். (சரக்கை விற்பனை விலையில் கணக்குப் போட்டதற்கு ஆடிட்டர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும், திசை தெரிந்தால் போதும்.)

இந்த 110-ஐ 80 ஆக்கினால் 5 கோடி விடுபடும். 10% வட்டி என்றால் வருடத்துக்கு 50 லட்சம். விலையில் ஒரு பைசா ஏற்றவில்லை, ஒரு ஆளைக் குறைக்கவில்லை.

சப்ளையரை இழுத்தடித்துக் குறைக்கலாம் என்று கொள்முதல் ஆட்கள் சொல்வார்கள். சப்ளையர் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்த உற்பத்தியாளராக இருந்தால், ஒப்பந்தமே போட்டிருந்தாலும் 45 நாள்தான் உச்சம். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2006-ம் வருடச் சட்டத்திலேயே இது இருக்கிறது. யாரும் மதிக்கவில்லை. 2023 பட்ஜெட்டில் வருமான வரியோடு முடிச்சுப் போட்டார்கள்: கெடு தாண்டி நின்ற பாக்கியை, பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். அதற்குப் பிறகுதான் பல ஆபீஸ்களில் மார்ச் மாதம் செக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

ஆக, குறைக்க வேண்டியது ஸ்டாக்கும் பாக்கியும். ஸ்டாக் உங்கள் கையில்.

எங்கள் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டு மாதத்துக்குத் தேவையான காஸ்டிங்கை (வார்ப்புப் பாகங்களை) ஒரே தடவையில் எடுத்தால் 4% தள்ளுபடி என்று ஒரு ஃபவுண்டரி சொன்னது. 50 லட்ச ரூபாய்ச் சரக்கு, 2 லட்சம் மிச்சம். அந்த மாத மீட்டிங்கில் கொள்முதல் மேலாளருக்குக் கைதட்டல், நானும் தட்டினேன். சாயங்காலம் சீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும், ஆகவே சராசரியாக 25 லட்சம் எட்டு மாதம் முடங்கும். அன்றைய வட்டி 12%. வட்டியே 2 லட்சம். தள்ளுபடியை பாங்க் சாப்பிட்டுவிட்டது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஆறாவது மாதம் கஸ்டமர் டிராயிங்கை மாற்றினார். மீதிக் காஸ்டிங் மழையில் துருப்பிடித்து, கிலோக் கணக்கில் ஸ்கிராப்காரரின் டெம்போவில் ஏறிப் போனது. அதற்கு மீட்டிங் எதுவும் போடவில்லை.

ஆர்ஓசிஇ (போட்ட முதலீட்டுக்கு எத்தனை சதவீதம் லாபம் என்ற கணக்கு) என்று பயமுறுத்துகிறார்களே, அதன் வேரைத் தேடினால் உங்களைப் போன்ற ஒரு இன்ஜினீயர்தான் நிற்பார். டொனால்ட்சன் பிரவுன் என்ற அமெரிக்கர், எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர், டுபான்ட் கம்பெனியில் வெடிமருந்து விற்கப் போனவர். 1910-களில் அவர் போட்ட சூத்திரம் இது: நூறு ரூபாய் விற்றால் எவ்வளவு மிஞ்சுகிறது, போட்ட முதலீடு ஒரு வருடத்தில் எத்தனை முறை சுழல்கிறது, இரண்டையும் பெருக்கு. உங்கள் 60 கோடியில் வட்டி, வரிக்கு முன் 6 கோடி மிஞ்சினால் 10%. முதலீடு 40 கோடி என்றால் ஒன்றரைச் சுற்று. ஆர்ஓசிஇ 15%. மேலே சொன்ன 5 கோடியை விடுவித்தால் முதலீடு 35 கோடி, ஆர்ஓசிஇ 17% தாண்டும்.

இந்த மூன்று தாளோடு ஆறு மாதம் பழகிய பிறகு வகுப்புக்குப் போங்கள். அப்போது உங்களிடம் கேள்வி இருக்கும். மூன்று நாளே போதும். ஒரு வருடப் படிப்பு, டைரக்டர் நாற்காலி கண்ணுக்குத் தெரியும்போது.

கேள்வி: டார்கெட்டை 20% தாண்டி விற்றேன். ஃபைனான்ஸ் மேலாளர் பாராட்டாமல் முறைக்கிறார். பொறாமையா?
– விற்பனை மேலாளர், சென்னை

பதில்: எத்தனை நாள் கடனில் விற்றீர்கள் என்பதைக் கேள்வியில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அங்கேதான் சந்தேகம்.

ஒரு கோடி ஆர்டர், 8 லட்சம் லாபம். 92 லட்சம் நம் கைக்காசு. 120 நாள் கடன் கொடுத்தால் 10% வட்டியில் 3 லட்சம் போகும். பார்ட்டி எட்டு மாதம் இழுத்தால் 6 லட்சம். இது போக, 18% ஜிஎஸ்டி உள்ள பொருளென்றால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் வரி கட்டியாக வேண்டும், வாங்கியபோது கட்டிய உள்ளீட்டு வரி போக மீதியை. 90 நாள் தாண்டிய பாக்கியைப் பல பாங்குகள் டிராயிங் பவருக்கு (சரக்கையும் பாக்கியையும் பார்த்து பாங்க் எடுக்க விடும் கடன் அளவுக்கு) சேர்ப்பதில்லை. அதாவது, உங்கள் விற்பனை கூடக் கூட அவருக்குக் கிடைக்கும் பணம் குறைகிறது. முறைக்காமல் என்ன செய்வார்?

பார்ட்டி கையை விரித்துவிட்டால் போன 92 லட்சத்தை மீட்க இதே லாபத்தில் இன்னும் பதினொன்றரைக் கோடிக்கு விற்க வேண்டும். இந்த ஒரு கணக்கை உங்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: வருடா வருடம் மேலாளர்களுக்கு இரண்டு நாள் நிதிப் பயிற்சி நடத்துகிறோம். ஃபீட்பேக் ஃபார்மில் எல்லோரும் ‘சூப்பர்’ என்று எழுதுகிறார்கள். அடுத்த மாதம் எதுவும் மாறுவதில்லை.
– மனிதவளப் பிரிவு, திருச்சி

பதில்: மதியச் சாப்பாடு சூப்பராக இருந்திருக்கும். வகுப்பில் யாருடைய பேலன்ஸ் ஷீட் ஓடியது? ஏதோ பெரிய கம்பெனியினுடையதுதானே? உங்கள் கம்பெனிக் கணக்கைத் திரையில் போடுங்கள் என்றால் எம்.டி. தயங்குவார், ‘கான்ஃபிடென்ஷியல்’ என்பார். கம்பெனிப் பதிவாளரிடம் நீங்களே தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டை, 100 ரூபாய் கட்டினால் உங்கள் போட்டியாளர் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அவர் பார்க்கலாம், உங்கள் மேலாளர் பார்க்கக் கூடாதா?

நான் வகுப்பை ஸ்டோர்ஸில்தான் ஆரம்பிப்பேன். ஆளுக்கொரு சாக்பீஸ். ஆறு மாதத்துக்கு மேல் அசையாத ரேக் ஒவ்வொன்றிலும் அதன் மதிப்பை எழுதச் சொல்வேன். அரை மணி நேரத்தில் சத்தம் அடங்கிவிடும்.

கேள்வி: 80 லட்சத்துக்கு ஒரு சிஎன்சி மெஷின் கேட்டேன். வருடம் 20 லட்சம் மிச்சமாகும், நாலு வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும். நிராகரித்துவிட்டார்கள்.
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: ஐந்தாம் வருடம் வரும் 20 லட்சமும் இன்றைய 20 லட்சமும் ஒன்றில்லை. வருடத்துக்கு 12% வீதம் கழித்துப் பார்த்தால், மெஷின் ஐந்து வருடம் ஓடினால் அந்த மிச்சத்தின் இன்றைய மதிப்பு 72 லட்சம். ஆறு வருடம் ஓடினால் 82 லட்சம். உங்கள் வழக்கு அந்த ஆறாவது வருடத்தில் நிற்கிறது. பராமரிப்புப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய், பழைய மெஷின்கள் எத்தனை வருடம் உழைத்தன என்று காட்டுங்கள். அது உங்களிடம்தான் இருக்கும், அவர்களிடம் இருக்காது.

கேள்வி: எபிட்டா என்றால் என்ன? ஒரே வரியில்.
– வாசகர், மதுரை

பதில்: வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்; அதாவது சம்பளம் வந்த அன்று, இஎம்ஐ பிடிப்பதற்கு முன், போனில் தெரியும் பேலன்ஸ் மாதிரி.

கேள்வி: செலவில்லாமல் படிக்க வழி உண்டா?
– வாசகர், சேலம்

பதில்: என்பிடெல், ஸ்வயம் தளங்களில் ஐஐடி, ஐஐஎம் பேராசிரியர்களின் பாடங்கள் இருக்கின்றன. பார்க்கக் காசில்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். முதல் இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலைக்கு வகுப்பெடுக்க வருவீர்களா அம்மா?
– வாசகர், பெருந்துறை

பதில்: மூட்டு வலி. ஸ்டோர்ஸ் தரைத்தளத்தில் இருந்தால் வருகிறேன்.