வெயில் காலத்துல சமையலை சுலபமாக்க என்ன சாமான் வாங்கலாம், என்ன சமைக்கலாம்?

ஏர் ஃப்ரையர் வாங்கலாமா இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க, பட்ஜெட் அஞ்சாயிரம்னு போட்டிருக்கீங்க, மதியம் கிச்சன்ல நிக்கவே முடியலன்னு கடைசில ஒரு வரி எழுதியிருக்கீங்க. அந்தக் கடைசி வரியப் படிச்சதும் பதில் போடாம போக மனசு வரல. நீங்க வாடகை வீட்லதான் இருப்பீங்க, அதுவும் மேல் மாடில, சின்னதா ஒரு ஜன்னல் மட்டும் இருக்கற கிச்சனா இருக்கும். அப்படி நெனச்சிக்கினுதான் எழுதறேன், தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க.

நான் வேலூர், சத்துவாச்சாரி. எங்க ஊரப் பத்தி ஒரு பழைய பேச்சு உண்டு, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலைன்னு போகும். அந்த மலை சமாச்சாரம் மெய்தாங்க. சுத்தி வெறும் பாறை, பகல் முழுக்க காயும், ராத்திரி அந்தச் சூட்டையெல்லாம் ஊர் மேல விடும். மே மாசம் 4ந் தேதி வாக்குல கத்திரி ஆரம்பிச்சா 28 வரைக்கும் 40 டிகிரிய தாண்டறதெல்லாம் இங்க சாதாரணம். எங்க வீடு மொட்டமாடில கட்டுன போர்ஷன், ரூமுக்கு காங்கிரீட் போட்டாங்க, கிச்சனுக்கு மட்டும் சிமெண்ட் ஷீட். பன்னண்டு மணிக்கு மேல பருப்பு டப்பாவ தொட்டா கை சுடும், தேங்காண்ணெ தண்ணியா ஓடும், சிங்க் குழாய தொறந்தா வர மொத பக்கெட்டு தண்ணில அரிசி கழுவக் கூட முடியாது.

நாலு வருஷம் முன்னாடி ஒரு மே மாசம் ஞாயித்துக்கெழம. சொந்தக்காரங்க நாலு பேர் சாப்பிட வராங்க. பத்து மணிக்கு அடுப்புகிட்ட போனவ நான், சோறு, சாம்பார், ரசம், உருளக்கெழங்கு வறுவல்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு, குக்கர் விசில் வேற விட்டு அந்த ஆவியெல்லாம் ஷீட்டுக்குக் கீழயே நிக்குது, பன்னண்டரைக்கு அப்பளம் பொரிச்சிக்கினு இருந்தேன். மொதல்ல காது அடைச்சுது. அப்புறம் வேர்வை நின்னு போச்சு, அதுவரைக்கும் ஒழுகிக்கினு இருந்தது டக்குனு நின்னுச்சு, ஒடம்பு காயுது. கரண்டி கீழ விழுந்த சத்தம் பக்கத்து வீட்ல விழுந்த மாதிரி கேட்டுச்சு. அவ்ளோதான் ஞாபகம். என் பொண்ணு அப்ப மூணாவது படிக்குது, அதுதான் ஓடிவந்து கேஸ நிறுத்துச்சு. எண்ணெ சட்டி என் மேல கவுறாம போனது அந்தக் கொழந்த செஞ்ச புண்ணியம்.

ஆஸ்பத்திரில டிரிப்ஸ் ஏத்திட்டு டாக்டர் கேட்ட மொத கேள்வி, "வெயில்ல எங்கம்மா போனீங்க?" எங்கயும் போகல சார், வீட்லதான் இருந்தேன்னேன். அவர் ஒரு நிமிஷம் எழுதறத நிறுத்திட்டு என்னப் பாத்தார். 2024ல நம்ம அரசாங்கம் வெப்ப அலைய மாநிலப் பேரிடர்னு அறிவிச்சுது, நல்ல விஷயம், ரோடு வேலை செய்யறவங்க, கட்டட வேலைக்காரங்களுக்கெல்லாம் கட்டாயம் வேணும். ஆனா மத்தியானம் அடுப்பு முன்னாடி நிக்கற பொம்பளைங்களும் வெயில்லதான் நிக்கறாங்க, அத யாரும் வெயில்னே சொல்றதில்ல.

அதுக்கு மறுநாள் எங்க மாமியார் வந்தாங்க, அணைக்கட்டு பக்கம் கிராமம். மாமியார புகழ்ந்தா இங்க சில பேருக்கு பிடிக்காது, கீழ வந்து என்ன எழுதுவீங்கன்னு தெரியும். அதுக்கு முன்னாடி எங்களுக்குள்ள பெரிய ஒட்டுதலும் இல்ல. ஆனா நடந்தத நடந்த மாதிரி சொல்லணும். மத்தியானம் எங்க கிச்சன்ல ஒரு நிமிஷம் நின்னாங்க, வெளிய வந்துட்டாங்க. "இன்னாம்மா இது, சூளை மாதிரி கீது. பன்னண்டு மணிக்கு அடுப்பு பத்த வெக்கணும்னு யாரு சொன்னா உனக்கு? நாங்க கழனிக்கு போறவங்கோ, கோழி கூவறப்போ ஆக்கி வெச்சிட்டு போயிடுவோம், அப்புறம் சாயந்திரம்தான் அடுப்பு." எங்க வீட்டுக்காரர் சூடா சாப்பிட்டே பழகிட்டேம்மான்னு ஏதோ இழுத்தார். "ஒரு மாசம் சுடுசோறு துன்னலன்னா ஒண்ணும் ஆயிடாது, பேசாம துன்னு"ன்னாங்க. எனக்கு கல்யாணம் ஆகி பதினோரு வருஷத்துல அப்படி ஒருத்தர் எனக்காக பேசுனது அதுதான் மொத தடவ.

அதுல இருந்து எங்க வீட்ல ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசமும் காலைல எட்டு மணிக்கு அடுப்பு அணைஞ்சிடும். அப்புறம் சாயந்திரம் ஆறரைக்கு மேலதான். உங்களுக்கும் இதத்தான் சொல்றேன், எந்த சாமான் வாங்குனாலும் அது உங்கள மதியம் அடுப்புகிட்ட நிக்காம வெக்குமான்னு கேட்டுப் பாத்து வாங்குங்க.

அப்படிப் பாத்தா மொத செலவு தெர்மல் ரைஸ் குக்கர். கரண்ட் கெடையாது, பெரிய ஹாட்பாக்ஸ் மாதிரிதான், உள்ள ஒரு பாத்திரம் இருக்கும். நான் செய்யறது, அரிசிய அரை மணி நேரம் ஊற வெச்சிட்டு, உள் பாத்திரத்துல தண்ணி நல்லா தளதளன்னு கொதிச்சதும் அரிசி போட்டு, மறுபடி கொதி வந்தப்புறம் பச்சரிசின்னா அஞ்சு நிமிஷம், புழுங்கலரிசின்னா பத்து பன்னண்டு நிமிஷம் விட்டு, மூடி போட்டு அப்படியே தூக்கி வெளிப் பெட்டிக்குள்ள வெச்சு மூடிடறது. முக்கா மணி, ஒரு மணி நேரத்துல தானா வெந்துடும், வடிச்சிட்டா வேல முடிஞ்சுது. ஆறே முக்காலுக்கு உள்ள வெச்சிட்டு பொண்ணுக்கு தல வாரி முடிக்கறப்ப சோறு ரெடியா இருக்கும். வடிக்க மறந்து ரொம்ப நேரம் விட்டா குழைஞ்சிடும். இன்னொண்ணு, பெருசா வாங்கிட்டு அதுல ஒரு டம்ளர் அரிசி போட்டா வேகாது, பாத்திரம் பாதிக்கு மேலயாவது நெறைஞ்சிருந்தாதான் சூடு நிக்கும். உங்க வீட்ல மூணு பேர்னா அரைக் கிலோ சைஸே போதும்.

சோத்துக்கு குழம்பு? இதுல எங்க மாமியார் காட்டிக் குடுத்தது பச்சப்புளி ரசம். கொங்கு பக்கமும் செய்வாங்க, எங்களுதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன். அடுப்பே வேணாம். எலுமிச்சங்கா அளவு புளிய ஊற வெச்சு கரைச்சு வடிகட்டிக்கணும். ஒரு குண்டான்ல சின்ன வெங்காயம் பொடிசா நறுக்கிப் போட்டு, ரெண்டு பச்சமொளகா, ஒரு காஞ்சமொளகா கிள்ளி, கறிவேப்பில, கொத்தமல்லி, கல் உப்பு எல்லாம் போட்டு கையால நல்லா பெசையணும். கரண்டி போடக் கூடாது, மிக்ஸி கூடவே கூடாது. வெங்காயம் தண்ணி விட்டு கை வழுவழுன்னு ஆகற வரைக்கும் பெசஞ்சாதான் புளித்தண்ணி ஊத்தறப்ப அந்த வாசனை எழும். மொளகு சீரகம் தட்டிப் போடலாம், ஒரு துண்டு வெல்லம். தாளிக்க வேணாம். மொத நாள் நான் பெசஞ்சதப் பாத்துட்டு அத்தை என் கைய புடிச்சு "இன்னும் அழுத்து, வெங்காயத்துக்கு வலிக்கணும்"னாங்க. இன்னிக்கும் பெசையறப்ப அந்த கைதான் ஞாபகம் வருது.

கத்திரிக்கா இருந்தா காலைல சுட்டு வெச்சிடுவேன். எங்க அத்தை ஊருக்கு பக்கத்துல இலவம்பாடி, அங்க வெளையற முள்ளு கத்திரிக்காக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சுது, காம்புல முள்ளு இருக்கும், சதை வெண்ணெ மாதிரி. பிரியாணிக்கு தொக்கு வெக்கத்தான் எல்லாரும் வாங்குவாங்க. சுட்டு தோல உரிச்சு, புளித்தண்ணி வெங்காயம் பச்சமொளகா போட்டு மசிச்சா பழைய சோத்துக்கு வேற ஒண்ணும் கேக்காது.

கூழப் பத்தி எழுதாம முடிக்க முடியாது. கூழுன்னா ஏழைங்க சாப்பாடு, ஆடி மாசம் அம்மன் கோயில்ல ஊத்தறதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இப்ப வாரத்துல நாலு நாள் எங்களுக்கு மதிய சாப்பாடே அதுதான். கேவுரு மாவ, அதான் கேழ்வரகு மாவ, தண்ணில கரைச்சு ராத்திரி முழுக்க புளிக்க வெக்கணும். காலைல நொய்ய நல்லா வேக வெச்சு, அதுல புளிச்ச கரைசல ஊத்தி துடுப்பால விடாம கிண்டணும். கைய தண்ணில நனைச்சு மேல தொட்டா ஒட்டக் கூடாது, அப்ப எறக்கலாம். அடுப்பு நேரம் மொத்தம் அரை மணி. ஆறுனா கெட்டியாயிடும், அத உருண்டையா எடுத்து தண்ணில போட்டு வெச்சா அடுத்த நாளும் ஓடும். மதியம் ஒரு உருண்டைய மோர் விட்டு உப்பு போட்டு கரைச்சு, சின்ன வெங்காயம், பெங்களூரா மாங்கா துண்டு, கொத்தவரங்கா வத்தல். சாப்பிட்டுட்டு படுத்தா வயிறு எரியாது. சுகர் இருக்கறவங்க கேவுருன்னு நம்பி சொம்பு சொம்பா குடிக்காதீங்க, அதுவும் மாவுதான், உங்க டாக்டர் சொல்ற அளவுக்குள்ள வெச்சிக்கங்க.

மண்பானை. காட்பாடி பக்கம் கரிகிரில மண்பாண்டம் செய்யறாங்க, நான் ரெண்டு பானை வெச்சிருக்கேன். ஒண்ணு தண்ணிக்கு. இன்னொரு அகலமான பானைல ஈர மணல் போட்டு அதுக்குள்ள சின்ன பானைய உக்கார வெச்சு, கீரை, கொத்தமல்லி, எலுமிச்சம்பழம், தயிர் சட்டி எல்லாம் அதுலதான், மேல ஈரத்துணி. பானை ஓட்டு வழியா ஈரம் கசிஞ்சு காத்துல ஆவியாகறப்ப சூட்டையும் எடுத்துக்கினு போயிடும், எங்க ஊர் காஞ்ச காத்துக்கு இது நல்லாவே வேல செய்யும், சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல இவ்ளோ குளிராது. ஃப்ரிட்ஜ் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, எங்ககிட்டயும் இருக்கு. வெயில் நாள்ல அத நிமிஷத்துக்கு ஒருக்கா தொறந்தா உள்ள இருக்கற மாவு புளிச்சிடுது. மாவுன்னதும் ஞாபகம் வருது, மே மாசம் ஐஸ் தண்ணி ஊத்தி அரைங்க, வெந்தயத்த கொறைங்க, இங்க நாலஞ்சு மணி நேரத்துல பொங்கிடும், உடனே உள்ள வெச்சிடுங்க.

இண்டக்‌ஷன் நல்லதுதான், பாத்திரம் மட்டும்தான் சூடாகும், கேஸ் மாதிரி சுத்தி இருக்கற காத்த காய்ச்சாது, காந்தம் ஒட்டற தட்டையான அடிப் பாத்திரம் வேணும். ஆனா வாடகை வீட்ல இருந்தா மொதல்ல மீட்டரப் பாருங்க. இது நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லிடறேன், எனக்கு இது ரொம்ப நாள் ஆத்தாமை. வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் கரண்ட் இலவசம், 2016ல இருந்து கெடைக்குது. எங்க ஹவுஸ் ஓனர் தனியா சப் மீட்டர் போட்டு மொத யூனிட்ல இருந்தே பத்து ரூபா வாங்கறார். 2000 வாட் அடுப்பு அரை மணி எரிஞ்சா ஒரு யூனிட், அதாவது பத்து ரூபா. அரசாங்கம் எனக்குன்னு குடுத்தது என் கைக்கே வரல. எக்ஸாஸ்ட் ஃபேன் போட செவுத்துல ஒரு ஓட்டை போட்டுக்கறோம், காலி பண்றப்ப பூசிக் குடுத்துடறோம்னு மூணு வருஷமா கேக்கறோம், செவுரு வீக்காயிடுமாம். கேபிளுக்கு அவங்க போட்ட ஓட்டை மட்டும் அஞ்சு இருக்கு. நல்ல ஓனருங்களும் இருப்பாங்க, இல்லன்னு சொல்லல. இப்ப காலைல சமைக்கறப்ப டேபிள் ஃபேன ஜன்னல் பக்கம் வெளிய பாத்து திருப்பி வெச்சிடறேன், சூடு கொஞ்சம் வெளிய போயிடுது. கேஸ் அடுப்பு மேல காத்து படாம பாத்துக்கங்க.

ஏர் ஃப்ரையர் கெட்ட பொருள் இல்ல. சூடான காத்துல பொரிக்கும், ஹால்ல வெச்சு கூட போடலாம். ஆனா நம்ம வீட்டு மதிய சாப்பாட்டுல சோறும் குழம்பும்தான நேரத்த முழுங்குது, அது ரெண்டும் அதுல ஆகாது. உங்க அஞ்சாயிரத்துல அத வாங்கிட்டா மதியம் மறுபடி கேஸ் அடுப்புகிட்டதான் நிப்பீங்க.

பழைய காலத்துக்கு போகச் சொல்றேன்னு யாராவது சொல்லுவீங்க. அப்படியில்லங்க. மிக்ஸி, ஃப்ரிட்ஜ், குக்கர் எல்லாம் வெச்சிக்கினுதான் இதெல்லாம் செய்யறேன். கூழு கிண்டறது நாந்தான்னாலும் இப்ப பச்சப்புளி ரசம் எங்க வீட்டுக்காரர் பெசையறார், அத்தை அவருக்கும் கைய புடிச்சு சொல்லிக் குடுத்தாங்க.

தெர்மல் குக்கர் வாங்கப் போறப்ப கடையிலயே உள் பாத்திரத்த வெச்சு மூடியப் போட்டு ஆட்டிப் பாருங்க. மூடி லூசா இருந்தா ஆவி போயிடும், அரிசி நடுவுல வெரச்சிக்கினு நிக்கும். நான் மொதல்ல வாங்குனது அப்படித்தான் இருந்துச்சு, மறுநாளே எடுத்துக்கினு போய் மாத்திக்கினு வந்தேன், பில்ல தூக்கிப் போடாம வெச்சிருங்க.